இடுப்பு வலிக்குச் சொடக்கு எடுக்கலாமா? 30 வாரக் கர்ப்பிணிக்கு ஒரு பதில்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, மென்பொருள் நிறுவனத்தில் வேலை, முதல் கர்ப்பம், 30 வாரம் முடிந்திருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் லேசாக ஆரம்பித்த இடுப்பு வலி இப்போது அவருடைய நடையையே மாற்றிவிட்டது. அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு குத்தல், வலது பிட்டத்துக்குள் ஒரு குத்தல். படுக்கையில் புரண்டு படுத்தால், மாடிப்படி ஏறினால், ஒற்றைக் காலில் நின்று பேன்ட் மாட்டினால் உயிர் போகிறது. அவர் பார்க்கும் மகப்பேறு மருத்துவர், "இதெல்லாம் சகஜம், பிரசவம் ஆனா சரியாயிடும்" என்று சொல்லி கால்சியம் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்.

டொரண்டோவில் இருக்கும் நாத்தனார், தான் கர்ப்பமாக இருந்தபோது வாராவாரம் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சொடக்கு எடுப்பவர்) போனதாகவும், அலுவலகக் காப்பீட்டிலேயே செலவு கழிந்துவிட்டதாகவும் சொல்லி, "பயப்படாம போ" என்கிறார். ரீல்ஸில் பார்த்த ஒரு கிளினிக் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போய்ப் பார்த்தால், "இடுப்பெலும்பு முறுக்கிக்கிட்டிருக்கு, வலது கால் அரை இஞ்ச் குட்டை, பத்து சிட்டிங்ல நேராக்கிடலாம், குழந்தையும் தானா தலை திரும்பிடும்" என்றிருக்கிறார்கள். பேக்கேஜ் 18,000 ரூபாய். 5,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. பொள்ளாச்சிப் பக்கம் சுளுக்கு எடுக்கும் ஒரு பெரியவரிடம் போகலாம் என்கிறார். கணவர் மருந்துக்கடையில் வோவெரான் என்ற வலி மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். நான்கைந்து மாத்திரை போட்டிருக்கிறார், கடைசியாகப் போட்டு பத்து நாள் ஆகிறது.

28-வது வார ஸ்கேனில் குழந்தையின் தலை மேலே இருந்தது. அப்புறம் இப்படி ஒரு வரி: "20-வது வார ஸ்கேன்ல நஞ்சு கொஞ்சம் கீழே இருக்கு, 32-வது வாரம் திரும்பப் பார்க்கணும்னு எழுதியிருந்தாங்க. அதை இவங்ககிட்ட சொல்லல."

கேள்விகள் மூன்று. கைரோபிராக்டிக் செய்துகொள்வது பாதுகாப்பானதா? அதனால் குழந்தை திரும்புமா? இவ்வளவு வலியோடு சுகப்பிரசவம் ஆகுமா, இல்லை சிசேரியன்தானா?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுபவிப்பது கற்பனை வலி இல்லை, சோம்பல் இல்லை, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தாங்கும் சக்தி இல்லை" என்பதும் இல்லை. ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இந்த இடுப்பு மூட்டு வலி வருகிறது. சகஜம் என்று உங்கள் மருத்துவர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் சகஜமாக வருகிறது என்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. இதற்கு வைத்தியம் உண்டு, சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகவே கேட்கும். எங்கள் ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். பி.பி., எடை, குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். கைரோபிராக்டர் முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, பேச விடுகிறார். நீங்கள் அங்கே போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால் போனதைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அடுத்த சிட்டிங்குக்கு இப்போதைக்குப் போகாதீர்கள். காரணம், நீங்கள் அவர்களிடம் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி.

நஞ்சு கீழே இருப்பது முதலில்

நஞ்சு என்று நாம் சொல்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு ஊட்டம் கொண்டுபோகும் நஞ்சுக்கொடியை. அது கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டோ, அதற்கு 2 சென்டிமீட்டருக்குள்ளோ இருந்தால் கீழே இருக்கிறது என்கிறோம். 20-வது வாரத்தில் இப்படிச் சொல்லப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கர்ப்பப்பை வளர வளர நஞ்சும் மேலே போய்விடும். பயப்பட வேண்டாம் என்று நினைத்ததில் தவறில்லை. ஆனால் மேலே போய்விட்டதா என்று பார்த்து உறுதிசெய்யாதவரை, போய்விட்டதாக வைத்துக்கொள்ள முடியாது. போகாமல் இருந்தால் வலியே இல்லாமல் திடீரென்று ரத்தப்போக்கு வரலாம். அப்படிப்பட்ட கட்டத்தில் வயிற்றையும் இடுப்பையும் அழுத்தி, திருகிச் செய்யும் எந்தக் கைச் சிகிச்சையும் வேண்டாம். பொறுப்பான எந்தக் கைரோபிராக்டரும் உங்களைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ரத்தப்போக்கு இருந்ததா, நஞ்சு எங்கே இருக்கிறது, பி.பி. எப்படி, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா, குறைப்பிரசவ ஆபத்து உண்டா. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த கிளினிக் மீது முதல் சந்தேகம் வந்தது அங்கேதான்.

32-வது வார ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். நஞ்சின் விளிம்பைத் துல்லியமாக அளக்க, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் வேண்டும் என்று சொல்லலாம். அது பாதுகாப்பானது, மறுக்க வேண்டாம்.

வோவெரான் விஷயத்தையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதில் இருப்பது டைக்ளோஃபெனாக். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கவும் வாய்ப்பு உண்டு. நான்கைந்து மாத்திரையில் பெரிதாக எதுவும் ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. ஸ்கேனில் நீரின் அளவைப் பார்த்தால் உங்களுக்கும் நிம்மதி. இனிமேல் அந்த மாத்திரையும் வேண்டாம், அதே மருந்துள்ள ஜெல்லை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தடவுவதும் வேண்டாம். வலி தாங்காத நாளில் பாராசிட்டமால் போதும், அதையும் அளவைக் கேட்டுக்கொண்டு.

எலும்பு எதுவும் நகரவில்லை

"முறுக்கிக்கிட்டிருக்கு" என்று கேட்டதிலிருந்து, உள்ளே ஏதோ இடம் மாறிக் கிடக்கிறது என்ற பயத்தில் நடக்கவே தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் எடுத்துவிடுவோம்.

இடுப்பு ஒரு வளையம். முன்னால் ஒரு இணைப்பு, பின்னால் முதுகுத்தண்டின் அடிப்பகுதியோடு சேரும் இரண்டு மூட்டுகள். சாதாரணமாக முன் இணைப்பில் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். பிரசவத்துக்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பின் மூட்டுகளும் மிகக் கொஞ்சம்தான் அசையும், உடம்பிலேயே தடிமனான பிணைப்பு நார்கள் அவற்றைக் கட்டி வைத்திருக்கின்றன. படுத்திருப்பவரை ஒருவர் கையால் அழுத்துவதில் இது கழன்று போவதும் இல்லை, திரும்பப் போய் உட்காருவதும் இல்லை. மூன்று மூட்டுகளும் சமமாக அசையாதபோது, ஒன்றின் மேல் பாரம் கூடி, சுற்றியுள்ள தசைகள் இறுகி, வலிக்கிறது. உங்கள் வலது பிட்டத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

கால் அரை இஞ்ச் குட்டை என்பதும் அப்படித்தான். படுக்க வைத்துக் குதிகாலை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு பக்கத் தசை இறுகியிருப்பதே போதும், கால் குட்டையாகத் தெரிய. அளக்கும் ஆள் மாறினால் அளவும் மாறும். சொடக்குச் சத்தமோ மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் அதே சத்தம்தான், யாருக்கும் விரல் எலும்பு இடம் மாறி வந்து உட்காருவதில்லை. சொடக்குக்குப் பிறகு கொஞ்ச நேரம் இலகுவாக இருக்கும் என்பது உண்மை. தசை தளர்கிறது, வலி உணர்வு தற்காலிகமாகக் குறைகிறது. அந்த ஆறுதலை நான் மறுக்கவில்லை. எலும்பு நேரானதால் வந்த ஆறுதல் என்பதைத்தான் மறுக்கிறேன்.

டொரண்டோவில் இருப்பதும் இங்கே இருப்பதும்

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பாமர் ஆரம்பித்து வைத்தது. காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததும் காது கேட்டது என்பது அவர்கள் சொல்லும் தொடக்கக் கதை. அவ்வளவு பெரிய உரிமைகோரலில் பிறந்த தொழில், பின்னால் பல நாடுகளில் சட்டத்துக்குள் வந்து, முதுகுவலி, கழுத்துவலி என்ற எல்லைக்குள் ஓரளவு அடங்கியது. உங்கள் நாத்தனார் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1991-ல் இயற்றிய தனிச் சட்டமே உண்டு. அங்கே கைரோபிராக்டர் என்றால் பல வருடம் படித்து, தேர்வெழுதி, ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்தவர். தப்பு நடந்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. அரசுக் காப்பீடு 2004-ல் இதற்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது, அவருக்குக் கிடைத்தது வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீடாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கென்று அப்படியொரு சட்டபூர்வப் பதிவு அமைப்பு இல்லை. வெளிநாட்டில் முறையாகப் படித்து வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பிசியோதெரபி முடித்துவிட்டுக் கூடுதலாகக் கற்றவர்களும் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுப் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்து யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. கர்ப்பிணிக்கு அனுபவமுள்ள கைரோபிராக்டர் பெரும்பாலும் மெதுவாகத்தான் செய்வார். வயிறு அழுந்தாத தனி மேஜை, பக்கவாட்டில் படுக்க வைத்து லேசான அழுத்தம், தசையை நீவிவிடுவது, கொஞ்சம் உடற்பயிற்சி. நாத்தனாருக்குக் கிடைத்தது இதுவாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ரீல்ஸில் வருவதோ, கழுத்தில் பட்டையை மாட்டி வெடுக்கென்று இழுத்து, மைக்கில் சத்தத்தைப் பதிவு செய்து போடுவது. பெயர் ஒன்றுதான், செய்வது வேறு.

பயன் உண்டா என்றால், கொஞ்சம் உண்டு என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். 2013-ல் அமெரிக்காவில் 169 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமான மகப்பேறு கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, கைரோபிராக்டரிடம் கைச் சிகிச்சை, உடற்பயிற்சி, அறிவுரை மூன்றையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததால், எது வேலை செய்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. கர்ப்பகால முதுகுவலி, இடுப்புவலி பற்றிய 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மருத்துவ ஆதாரங்களை அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பில், முதுகுவலியைக் குறைக்க உடற்பயிற்சி உதவுவதற்கு ஆதாரம் இருந்தது. கைச் சிகிச்சைகளுக்கும் ஓரளவு சாதகமாக இருந்தது, ஆனால் ஆய்வுகள் குறைவு, சிறியவை. இதைப் படித்துவிட்டு நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது: சொடக்கை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எல்லாம் நல்ல பிசியோதெரபிஸ்டிடமே கிடைக்கும்.

ஆபத்து எவ்வளவு? இடுப்பில் மெதுவாகச் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் வலி கூடுவதோடு நின்றுவிடும். கழுத்துதான் எனக்குப் பயம். கழுத்தைத் திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. ஆனால் பிரசவத்தை ஒட்டிய காலத்தில் இந்தக் குழாய்க் கிழிசல் தானாகவே வருவதும் உண்டு. இடுப்பு வலிக்கு வந்தவருக்குக் கழுத்தில் எந்த வேலையும் இல்லை, யாரையும் தொட விடாதீர்கள்.

குழந்தை திரும்புமா?

உங்களுக்குக் காட்டிய முறையின் பெயர் வெப்ஸ்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்க கைரோபிராக்டர் உருவாக்கியது. வெற்றிக்கு ஆதாரமாக 2002-ல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைரோபிராக்டர்களுக்குக் கேள்வித்தாள் போனது, பதில் அனுப்பியவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. தங்களிடம் வந்தவர்களில் எத்தனை குழந்தை திரும்பியது என்று அவர்களே சொன்ன கணக்கு அது. சிகிச்சை இல்லாமலே எத்தனை திரும்பியிருக்கும் என்று ஒப்பிட யாரும் இல்லை. இப்போது அதைப் பயிற்றுவிக்கும் அமைப்பே, இது குழந்தையைத் திருப்பும் முறை இல்லை, இடுப்பின் இயக்கத்தைச் சீராக்கும் முறை என்றுதான் விளக்கம் தருகிறது. கோவை கிளினிக்குக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போல.

கணக்கைப் பாருங்கள். 28-வது வாரத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலாகத்தான் இருக்கும். பிரசவ நேரத்தில் அப்படியே இருப்பது நூற்றுக்கு மூன்று, நான்கு மட்டும். மற்றவை தானாகத் திரும்பிவிடுகின்றன. 30-வது வாரத்தில் பத்து சிட்டிங் ஆரம்பித்தால், பெரும்பாலானவர்களுக்கு பத்து முடிவதற்குள் குழந்தை திரும்பியிருக்கும், பெயர் கிளினிக்குக்குப் போகும்.

36-வது வாரத்திலும் திரும்பாவிட்டால் அப்போது ஒரு வழி இருக்கிறது. மருத்துவமனையில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே, கர்ப்பப்பையைத் தளர்த்த ஊசி போட்டு, வயிற்றின் மேல் கைவைத்து மகப்பேறு மருத்துவர் குழந்தையைத் திருப்புவார். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும், முதல் பிரசவத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இருநூறு பேரில் ஒருவருக்கு அவசர சிசேரியன் தேவைப்படலாம் என்பதால்தான் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில் செய்வார்கள். நஞ்சு கீழே இருந்தால் இதைச் செய்ய மாட்டார்கள். எல்லா மருத்துவமனையிலும் இதைச் செய்வதும் இல்லை, ஆகவே உங்கள் மருத்துவர் செய்வாரா, இல்லையென்றால் யாரிடம் அனுப்புவார் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சு கீழே இருப்பதற்கும் குழந்தையின் தலை மேலே இருப்பதற்கும் சில சமயம் தொடர்பு இருக்கும். தலை இறங்க வேண்டிய இடத்தை நஞ்சு அடைத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கையால் தள்ளித் திருப்பப் பார்ப்பது எவ்வளவு தப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மாமியார் சொல்லும் பெரியவர் பற்றி

அவர் கணுக்கால் சுளுக்கை எத்தனையோ பேருக்குச் சரிசெய்திருக்கலாம். அவருடைய அனுபவத்தை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் உங்களுக்குச் சுளுக்கு இல்லை, எண்ணெய் தேய்த்து இழுத்து எடுக்க அங்கே எதுவும் இல்லை. கிளினிக்குக்குச் சொன்ன அதே காரணம் அவருக்கும் பொருந்தும். மாமியாரிடம் "நஞ்சு கீழே இருக்குன்னு டாக்டர் இடுப்புல கைவைக்க வேண்டாம்னுட்டாங்க அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையின் கனம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பிட்டத்தில், தொடையில் இதமாக நீவிவிடச் சொல்லி அவரையே கேளுங்கள், வயிற்றைத் தொடாமல். வெந்நீர்ப் பையில் இளஞ்சூடாக ஒத்தடம் கொடுப்பதிலும் தப்பில்லை. கணவர் யூடியூப் பார்த்துச் சொடக்கு எடுக்க முன்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அவருக்குக் கண்டிப்பாகத் தடை.

அப்படியானால் என்ன செய்வது?

கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். "சகஜம்" என்று திரும்பவும் சொன்னால், "சரி டாக்டர், ஆனா என்னால படி ஏற முடியல, ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க" என்று சொல்லுங்கள். பிசியோதெரபிப் பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தின் கீழ் வருபவர்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை பல. இரண்டு முழங்காலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போதும், ஒற்றைக் காலில் பாரம் விழும்போதும்தான் உங்கள் வலி கூடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புரண்டு படுக்கும்போது முழங்கால்களை மடக்கிச் சேர்த்து வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால் முதல் கணுக்கால் வரை நீளமான தலையணை ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வையுங்கள். மல்லாந்து படுக்காதீர்கள், இந்த மாதத்தில் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். பேன்ட், உள்ளாடை எல்லாம் உட்கார்ந்துதான் மாட்ட வேண்டும். படியில் ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, வலி குறைந்த காலை முதலில் தூக்கி ஏறுங்கள். காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள்.

ஸ்கூட்டரில் கணவருக்குப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து அலுவலகம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இடுப்பை முறுக்கிய நிலையிலேயே அரை மணி நேரம், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு குலுக்கல். வலது பக்கம் மட்டும் அதிகம் வலிப்பதற்கு இதுவும் சேர்ந்திருக்கலாம். அதை நிறுத்துங்கள், ஆட்டோவோ காரோ பாருங்கள். "குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை துடைத்தால் சுகப்பிரசவம் ஆகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வலி இல்லாதவர்களுக்கு அது நல்ல பயிற்சியாக இருக்கலாம், முன் எலும்பில் வலி இருக்கும் உங்களுக்கு ஆகாது. இந்திய முறைக் கழிப்பறையும், சம்மணம் போட்டு உட்காருவதும் வலியைக் கூட்டினால் விட்டுவிடுங்கள்.

பெல்ட் வாங்குவதாக இருந்தால் மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் முதுகுவலி பெல்ட் வேண்டாம், அது வயிற்றை அழுத்தும். கர்ப்பிணிகளுக்கான இடுப்புப் பெல்ட் வயிற்றுக்குக் கீழே, தொடையெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் மட்டத்தில் சுற்றி வரும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை மாட்டிக் காட்டட்டும். நடக்கும்போது, வேலை செய்யும்போது மட்டும் போட்டால் போதும்.

எப்போது இது வெறும் இடுப்பு வலி இல்லை?

கீழே சொல்பவற்றில் எது வந்தாலும் பிசியோவும் வேண்டாம், காத்திருப்பதும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போக வேண்டும்: ஒரு சொட்டானாலும் ரத்தம், நீர் கசிவு, விட்டுவிட்டு வந்து இறுக்கும் வலி, குழந்தையின் அசைவு குறைவது, காய்ச்சலோடு விலாப்பக்க வலியும் சிறுநீர் எரிச்சலும், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், காலில் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது. நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முதுகுத்தண்டின் நடுவிலேயே விடாத வலி, மாலைக் காய்ச்சல், எடை கூடாமல் இருப்பது எல்லாம் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்ப்போம். உங்கள் அறிகுறிகள் அப்படி இல்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம். அப்படிப்பட்ட முதுகைச் சொடக்கு எடுத்தால் விளைவு மோசமாக இருக்கும்.

பிரசவமும் வேலையும்

இடுப்பு வலி என்பதற்காக சிசேரியன் தேவையில்லை. நஞ்சு மேலே போய், குழந்தையும் திரும்பிவிட்டால் நீங்கள் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். சிசேரியன் ஆனால் அது நஞ்சுக்காகவோ குழந்தையின் நிலைக்காகவோ இருக்கும். மல்லாந்து படுத்து வலி இல்லாமல் முழங்கால்களை எவ்வளவு விரிக்க முடிகிறது என்று 37-வது வாரத்தில் ஒருமுறை அளந்து உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அளக்கும் அந்த ஒரு நிமிடம் மல்லாந்து படுப்பதில் ஆபத்தில்லை. லேபர் வார்டில் அந்த அளவுக்கு மேல் காலை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று கணவரோ அம்மாவோ நினைவுபடுத்தட்டும். முதுகில் வலிநிவாரண ஊசி போட்டால் வலியே தெரியாது என்பதால் அப்போது இந்தக் கவனம் இன்னும் அவசியம். பக்கவாட்டில் படுத்தும், கைகால் ஊன்றியும் பிரசவிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில், மாதங்களில் வலி போய்விடும். சிலருக்குத் தங்கும், அவர்கள் பிசியோவைத் தொடர வேண்டும்.

அலுவலகத்தில் இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சட்டப்படி உங்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு, அதில் 8 வாரம் வரை பிரசவத் தேதிக்கு முன்பே எடுக்கலாம். அது தவிர, கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்றோடு சம்பளத்துடன் மேலும் ஒரு மாதம் வரை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதைத் தொட வேண்டியிராமல், வாரத்தில் எல்லா நாளும் வீட்டிலிருந்தே வேலை என்று முதலில் கேட்டுப் பாருங்கள். மருத்துவரின் கடிதத்தில் "இடுப்பு மூட்டு வலி, நீண்ட நேரம் பயணம் வேண்டாம்" என்று இருந்தால் மனிதவளத் துறையில் பேசுவது சுலபம்.

கட்டிய 5,000 ரூபாய் போச்சே என்பதற்காக மீதி சிட்டிங்குக்குப் போய்விடாதீர்கள். நஞ்சு கீழே இருப்பதால் மருத்துவர் அனுமதிக்கவில்லை என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரும்படி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் கேளுங்கள். ரசீதையும், "குழந்தை தலை திரும்பிடும்" என்று அவர்கள் போட்ட விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அதெல்லாம் கணவர் ஓடட்டும். உங்களுக்கு இந்த வாரம் ஒரே வேலை, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது.